தோல், எலும்பு, தகடு

முதல் படத்தில் இமைகள் சரியாக மூடியிருக்கவில்லை.

அனுப்பியிருந்தது கடல் தாண்டி எங்கோ இருக்கும் ஒரு மருத்துவ மாணவி. அவன் எழுதிய பாடத்தைப் படிப்படியாகச் செய்து பார்த்தாளாம், ஓரிடத்திலும் தடுக்கவில்லையாம். நன்றி சொல்லி, ஸ்கேனிலிருந்து கணினியில் தான் உருவாக்கிய தலையைப் பாடத்தின் கீழே ஒட்டியிருந்தாள். சாம்பல் நிறத் தலை. முடியில்லாத உச்சி, மெழுகில் வார்த்தது போன்ற நெற்றி, மூக்கு, உதடு. எல்லாம் அவன் பாடத்தில் இருந்தபடியேதான் இருந்தன. இரண்டு இமைகளுக்கும் நடுவில் மட்டும் நகக்கீறல் போல ஓர் இருட்டு.

தன்னிடம் இருந்த மூலப்படத்தைத் திறந்து பக்கத்தில் வைத்துப் பார்த்தான். அதில் இமைகள் ஒட்டிக் கிடந்தன. ஒட்டித்தான் கிடக்க வேண்டும். ஸ்கேன் மெஷினுக்குள் தள்ளுவதற்கு முன் கண்ணை மூடிக்கொள்ளச் சொன்னதே அவன்தான்.

மாணவி, தோலா எலும்பா எது தெரிய வேண்டும் என்று திரையில் நகர்த்தும் ஸ்லைடரைக் கொஞ்சம் தள்ளி வைத்திருப்பாள் என்று நினைத்தான். தோலின் எல்லையை எங்கே வைக்கிறோம் என்பதைப் பொறுத்து மெல்லிய இடங்கள் கரையும். இமைதான் முதலில் கரையும். பாடத்தில் அவனே எழுதியிருந்தான். ஆனாலும் படத்தை மூட மனம் வரவில்லை. ஜன்னல் இல்லாத அந்தக் கீழ்த்தள அறையில், கண்ணாடிக்கு அப்பால் ஆளில்லாத ஸ்கேன் மெஷின் சுழன்று ஓயும் சத்தத்தையும், கிருமிநாசினி வாசனையோடு கலந்து வந்த தன் சாப்பாட்டு டப்பாவின் வாசனையையும், குளிர்காற்று தன் பிடரியில் விழுவதையும் உணர்ந்தபடி, ஒரு கவளமும் எடுக்காமல் அந்த இருட்டையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"என்ன பட்டன், சாப்பாடு எறங்கலியா?"

ரேடியாலஜி டாக்டர். கதவைத் தட்டும் பழக்கம் இல்லாதவர்.

"சாப்பிடறேன் சார்."

"யாரு அது திரையில? உன் ஆளா?"

"சாம்பிள் சார். போட்டிக்குப் போட்டது."

"ஓ, அதுவா. ரொம்பப் பேர் பாக்கறாங்களாமே. பாத்துப்பா, எங்களையெல்லாம் மறந்துடாத."

சிரித்துக்கொண்டே போனார். பட்டன் என்ற பெயரும் அவர் வைத்ததுதான். பட்டனை அமுக்கத்தானே இருக்கிறாய் என்று என்றைக்கோ சொன்னது, பிறகு மாடி மாடியாக ஏறி, லிஃப்ட்காரர் வரைக்கும் போய் ஒட்டிக்கொண்டது. அவனும் திரும்பிப் பார்க்கப் பழகிவிட்டான். தன் சொந்தப் பெயர் சம்பள நாளில் மட்டும் அவனுக்கு நினைவு வரும்.

அந்தப் பெயருக்காகத்தான் போட்டியில் சேர்ந்தான். ஸ்கேன் படங்களை முப்பரிமாணமாக்கிப் பார்க்கும் ஒரு மென்பொருள். காசில்லை, யார் வேண்டுமானாலும் பிரித்துப் பார்க்கலாம், திருத்தலாம். அதை நடத்துகிறவர்கள், புதிதாக வருகிறவர்களுக்குப் பாடம் எழுதச் சொல்லிப் போட்டி வைத்தார்கள். வென்ற பாடம் மென்பொருளுக்குள்ளேயே போய் உட்காரும். உலகத்தில் யார் அதைத் திறந்தாலும் முதலில் அதுதான் வரும், எழுதியவர் பெயரோடு.

பாடத்துக்கு ஒரு ஸ்கேன் வேண்டும். பொதுவில் கிடைக்கும் மாதிரிகளை எடுத்துப் பார்த்தான், உப்புச்சப்பில்லாமல் இருந்தன. அக்காவின் ஸ்கேன் அப்படி இல்லை. ஸ்லைடரை ஒரே இழுப்பாக இழுத்தால் முதலில் தோல். அது கரைந்தால் எலும்பு. எலும்பும் கரைந்தால், தாடையில் வைத்த தகடும் நான்கு திருகாணிகளும் மட்டும் அந்தரத்தில் நிற்கும். ஒரே இழுப்பில் மூன்று பாடம்.

அக்கா புருஷன் வீட்டிலிருந்து உடைந்த தாடையோடு வந்தவள். குளியலறையில் வழுக்கி விழுந்ததாகக் கேட்டவர்களிடமெல்லாம் சொன்னாள். அவனிடம் மட்டும் ஒன்றும் சொல்லவில்லை, அவனும் கேட்கவில்லை. தகடு வைத்த பிறகு சரிபார்க்கும் ஸ்கேனுக்கு, கீழ்த்தளத்தில் ஆளில்லாத ஒரு விடுமுறை நாளில் அழைத்துப்போய் அவனே எடுத்தான். படுக்கையில் படுத்தவள் அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"இது யார் கண்ணுலயும் படக்கூடாதுடா."

"என்னைத் தாண்டிப் போகாதுக்கா. கண்ண மூடிக்கோ."

பாடத்தில் சேர்ப்பதற்கு முன் பெயரை எடுத்தான். வயது, தேதி, ஆஸ்பத்திரி எல்லாவற்றையும் எடுத்தான். எடுத்துவிட்டு மறுபடி சரிபார்த்தான். இந்தத் தொழிலில் கைசுத்தம் என்பது அது. ஆனால் தலை ஸ்கேனில் பெயரை எடுத்தாலும் முகம் இருக்கும். அதற்கென்றே முகத்தை அடையாளம் தெரியாதபடி மழித்துவிடும் கருவி ஒன்று அதே மென்பொருளில் உண்டு. கீழே வேலை பழக வந்தவர்களுக்கெல்லாம் அதைச் சொல்லிக்கொடுத்தவன் அவன். அம்புக்குறியை அதன்மேல் கொண்டுபோய் வைத்தான். கொஞ்ச நேரம் வைத்திருந்தான். பிறகு எடுத்துவிட்டான். முகம் போனால் தோல் போகும். தோல் போனால் பாடத்தில் என்ன இருக்கிறது?

*

அக்கா வீட்டிலிருந்தே வேலை செய்தாள். குடிநீர் வராதவர்களின் புகார்களைத் தொலைபேசியில் கேட்டு எழுதிக்கொள்ளும் வேலை. முகம் காட்டத் தேவையில்லாத வேலை என்று தேடிப் பிடித்தது. சாயங்காலம் அவன் உள்ளே வரும்போது காதில் மாட்டிய ஹெட்செட்டோடு ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள்.

"புரியுதுங்க. குழாயைத் திறந்தா காத்துதான் வருதுன்றீங்க. காத்துக்கு நாங்க காசு வாங்கறதில்லைங்க." யாரோ அந்தப் பக்கம் சிரித்திருக்க வேண்டும். அவளும் வாயைத் திறக்காமல் சிரித்தாள்.

அப்போதுதான் பார்த்தான். ஜன்னல் வழியே வெயில் கிடையாக விழுந்து அவள் முகத்தில் கோடுகளைக் காட்டியது. குறுக்குக் கோடுகள். நெற்றியிலிருந்து மோவாய் வரை, ஒன்றின்கீழ் ஒன்றாக, சமமான இடைவெளியில், மிக நுணுக்கமான படிக்கட்டு போல.

தலையணை அச்சாக இருக்கும்.

"மத்தியானம் தூங்கினியாக்கா?"

"எங்க தூங்க விட்டாங்க. குழாய் குழாயா பேசித் தள்ளிட்டாங்க." கன்னத்தைத் தடவிக்கொண்டாள். "ஏன்?"

"ஒண்ணுமில்ல."

அந்தக் கோடுகள் அவனுக்குத் தெரியும். ஸ்கேனை அடுக்கடுக்காக எடுத்து ஒன்றின்மேல் ஒன்றாக வைத்துத் தோல் செய்யும்போது, அடுக்குகளின் விளிம்பு அப்படித்தான் தெரியும். அதை மெருகேற்றி மறைப்பது எப்படி என்று பாடத்தில் ஒரு குறிப்பே எழுதியிருந்தான்.

"தம்பி."

"சொல்லு."

"இன்னிக்கு பூரா மொகத்துல யாரோ கை வெச்சிட்டு எடுத்த மாதிரி இருந்துச்சு. அடிக்கற கையில்ல. சும்மா... திருப்பிப் பாக்கற கை."

அவன் தண்ணீர் குடிக்கப் போனான். தாகம் இல்லை.

*

படங்கள் வந்துகொண்டிருந்தன. ஒவ்வொருவரும் நன்றி எழுதினார்கள், ஒவ்வொருவரும் தலையை ஒட்டினார்கள். அடுத்தடுத்த படங்களில் இமைகள் இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் விலகின. பிறகு வந்த ஒன்றில் கண் முழுதாகத் திறந்திருந்தது. கண்மணி வேறு, வெண்விழி வேறு என்று ஸ்லைடரால் பிரித்துக் காட்ட முடியாது. எல்லாம் ஒரே சாம்பல். ஆனாலும் அந்தக் கண் எங்கே பார்க்கிறது என்பது தெரிந்தது. அதற்கடுத்த படத்தில் புருவம் இருந்தது. மயிர் மயிராக.

முடி இந்தப் படங்களில் வராது. எவ்வளவு கீழே இழுத்தாலும் வராது.

பாடத்தைத் திரும்பப் பெறுவதற்கான பக்கத்தைத் திறந்தான். காரணம் என்ன என்று ஒரு கட்டம் கேட்டது. விரலை விசைகளின்மேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். உண்மையை எழுதினால் ஆஸ்பத்திரிக்குத் தெரியும். டாக்டருக்குத் தெரியும், லிஃப்ட்காரருக்குத் தெரியும். அக்காவுக்குத் தெரியும். வேலை போவதைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம் என்று தோன்றியது. அவள் முகத்தில் எப்படி விழிப்பது?

கட்டத்தைக் காலியாக விட்டு மூடினான்.

அன்றைக்கே நடுவர்களிடமிருந்து ஒரு வரி வந்தது. இறுதிச் சுற்றுக்கு வந்துவிட்டீர்கள், நோயாளியின் சம்மதம் பெற்றதுதானே, ஒரு சம்பிரதாயத்துக்குக் கேட்கிறோம். ஆம் என்று பதில் போட்டான். ஒரு சொல். விரல் நடுங்கவில்லை. அதுதான் பிறகு அவனைக் குத்தியது.

சேதி எப்படியோ மாடிக்குப் போயிருந்தது. டாக்டர் இறங்கி வந்து, அவன் தோளில் கை வைத்து, முதல்முறையாக அவன் சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். அவனுக்கு உடனே புரியவில்லை. யாரையோ கூப்பிடுகிறார் என்று கதவுப் பக்கம் பார்த்தான்.

*

வீட்டில் அக்கா தலையில் துண்டைச் சுற்றியிருந்தாள். விளக்குப் போடவில்லை.

"தலைக்குக் குளிச்சியா?"

"முடி கொட்டுதுடா. கொட்டுதுன்னு சொல்ல முடியாது. சீப்புல ஒண்ணும் இல்ல. தரையிலயும் இல்ல." சாதாரணமாகத்தான் சொன்னாள். "தொட்டா இல்ல, அவ்வளவுதான்."

விளக்கைப் போட்டான். புருவம் இருந்த இடம் வழுவழுவென்று கிடந்தது.

"டாக்டர்கிட்ட போலாம்க்கா."

"எந்த டாக்டர்? உங்க ஆஸ்பத்திரிலயா?" அவள் அவனைப் பார்த்தாள். "அந்த ஸ்கேனை யாருக்காவது காட்டினியா?"

சமையலறைக் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. எதிர்வீட்டில் யாரோ நாற்காலியைத் தரையில் இழுத்தார்கள்.

"இல்லக்கா."

"இல்லல்ல?"

"இல்ல."

"சரி." துண்டின் நுனியை இழுத்துக் கன்னத்தில் ஒற்றிக்கொண்டாள். "உன்னைக் கேட்டிருக்கக் கூடாது. நீயும் இல்லன்னா நான் எங்க போவேன், அதான் பயத்துல கேட்டுட்டேன். மனசுல வெச்சுக்காத."

சொல்லிவிடு என்று உள்ளே ஏதோ நெட்டித் தள்ளியது. வாய் திறக்கவில்லை.

அவள் எழுந்து அவனைக் கடந்து போனாள். பின்னால் விளக்கு. ஒரு கணம், ஒரே ஒரு கணம், வெளிச்சம் கன்னத்தைத் துளைத்துக்கொண்டு வந்தது. பல் வரிசை தெரிந்தது. மூடிய வாய்க்குள்ளே, கடைவாய் வரை, வரிசையாக. பிறகு கன்னம் திரும்பவும் கன்னமானது.

எங்கோ யாரோ ஸ்லைடரைத் தொட்டுவிட்டு விட்டிருக்கிறார்கள்.

மறுநாள் விடிந்ததும் பாடத்தை எடுத்துவிட்டான். காரணக் கட்டத்தில் 'பிழை' என்று மட்டும் எழுதினான். படம், கோப்பு, எல்லாம் போயின. பக்கம் வெள்ளையாக ஆனது. நெஞ்சு லேசாகி, பல நாளுக்குப் பிறகு உட்கார்ந்து சாப்பிட்டான்.

சாப்பிட்டுக் கை கழுவுவதற்குள் பதில் வந்திருந்தது. போட்டியை நடத்தும் அம்மாள் தானே எழுதியிருந்தாள். தவறிப்போய் அழித்துவிட்டீர்கள் போலிருக்கிறது, கவலை வேண்டாம், இங்கே எல்லோரிடமும் நகல் இருக்கிறது. திரும்ப ஏற்றிவிட்டோம். கடைசியில் ஒரு சிரிக்கும் முகம் போட்டிருந்தாள்.

*

முடிவு சொல்லும் கூட்டம் இணையத்தில் நடந்தது. அவனுக்கு அது சாயங்காலம். கூடத்து மேஜையில் கணினியை வைத்துக்கொண்டு, சுவரைப் பார்த்து உட்கார்ந்தான். முதுகுக்குப் பின்னால் அக்கா அறையின் கதவு சாத்தியிருந்தது. கதவுக்குள்ளிருந்து அவள் குரல் வந்துகொண்டிருந்தது. எந்தத் தெரு, எத்தனை நாளாக வரவில்லை, மேல்மாடியா. பேச்சு குழறியது. ஒவ்வொரு சொல்லையும் இரண்டு முறை சொன்னாள்.

திரையில் கட்டம் கட்டமாக முகங்கள். காலை வெளிச்சத்தில் சிலர், விளக்கொளியில் சிலர். ஒரு கட்டத்தில் பூனை நடந்தது. மூலையில் ஒரு சின்னக் கட்டத்தில் அவன். அவனுக்குப் பின்னால் அந்தக் கதவு.

வெள்ளைத் தலை அம்மாள் அவன் பெயரைச் சொன்னாள். அவன்தான் வென்றவன். எல்லோரும் சத்தமில்லாமல் கை தட்டினார்கள். அவன் சிரித்தான் போலிருக்கிறது. சின்னக் கட்டத்தில் பல் தெரிந்தது.

அம்மாள் தொடர்ந்தாள். இனி இந்தப் பாடம் நம் எல்லோருடையது. வாருங்கள், எல்லோரும் சேர்ந்து ஒரு முறை செய்து பார்ப்போம். திறந்துவிட்டீர்களா? ஸ்லைடரைப் பிடியுங்கள்.

கண்கள் எல்லாம் ஒன்றாகத் தாழ்ந்தன.

கதவுக்குப் பின்னால் குரல் நின்றது. சொல்லின் பாதியில்.

அவன் காத்திருந்தான். நாற்காலி கிரீச்சிடும் சத்தம் வரவில்லை. இருமல் வரவில்லை. ஹெட்செட்டில் யாரோ ஒரு புகார்க்காரர் "ஹலோ, ஹலோ" என்று கூப்பிடுவது மட்டும் பூச்சி போலக் கேட்டது.

அப்போதுதான் வாய் திறந்தது. அவர்கள் மொழியில், தட்டுத்தடுமாறி, அவன் சொன்னான். இது சாம்பிள் இல்லை. இது என் அக்கா. நான் அவளைக் கேட்கவில்லை. சம்மதம் என்று எழுதியது பொய். அவள் யாருக்கும் காட்டாதே என்றாள். மூடிவிடுங்கள். எல்லோரும் மூடிவிடுங்கள்.



அம்மாளின் சிரிப்பு மெல்ல இறங்கியது. எல்லோருக்கும் கேட்டிருந்தது. ஒவ்வொரு முகத்திலும் கேட்டது தெரிந்தது.

ஒருவரும் மூடவில்லை.

கண்ணாடி போட்ட ஒருவன் திரையை நோக்கிக் குனிந்தான். பிறகு பக்கத்துக் கட்டத்தில் ஒருத்தி. பிறகு ஒவ்வொருவராக, எல்லோரும். இவ்வளவு நேரம் ஒரு தலையைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் இப்போது ஒரு பெண்ணைப் பார்த்தார்கள். உடைந்த இடத்தைத் தேடினார்கள். எப்படி உடைந்தது என்று தேடினார்கள். முதல் படத்தை அனுப்பிய மாணவி இரக்கத்தோடு ஒரு கையால் வாயைப் பொத்தியிருந்தாள்.

இன்னொரு கை மௌஸில் இருந்தது.

உருளும் சத்தம். பல மௌஸ்களின் சத்தம், ஒன்றாக. மழை தொடங்குவது போல.

சின்னக் கட்டத்தில் கதவு திறந்தது.

அவன் திரும்பவில்லை.

அக்கா வாசலில் நின்றாள். சட்டை. கழுத்தில் தொங்கும் ஹெட்செட். முகம்.

தோல்.

ஒரு அடி வைத்தாள். எலும்பு.

தோல். எலும்பு. தோல். வெவ்வேறு கைகள்.

குனிந்திருந்த கண்கள் ஒவ்வொன்றாகத் தங்கள் ஸ்லைடரிலிருந்து நிமிர்ந்தன. எல்லாம் அந்தச் சின்னக் கட்டத்துக்குத் திரும்பின. யாரோ அதைப் பெரிதாக்கினார்கள். திரை முழுக்க அவன் கூடம். அவன் தலை. அவனுக்குப் பின்னால், நடந்து வருகிறவள்.

யாரோ ஸ்லைடரைக் கடைசி வரை இழுத்தார்கள்.

சட்டைக் காலருக்கு மேலே சுவர் தெரிந்தது.

தோளில் ஒரு கை விழுந்தது. ஸ்கேனில் இல்லாத கை. வெதுவெதுப்பாக, முழுதாக, சின்ன வயதிலிருந்து அவனுக்குத் தெரிந்த கை. அது மெல்ல அழுத்தியது. அவள் அவன் காதருகே குனிந்தாள்.

அவன் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தான், எல்லோரையும் போல. அவன் காதுக்குப் பக்கத்தில், அந்தரத்தில், விரல் நீளத் தகடும் நான்கு திருகாணிகளும் மேலும் கீழும் அசைந்தன. அவள் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். சத்தம் இல்லை. மூச்சும் இல்லை. தகடு நிற்கவே இல்லை.